உன் டப்பாவில் இருக்கிற காலர் அட்டை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ நலமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாயா. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், எழுதியும் விட்டேன், ஆனால் அதை எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போனது. பயப்படாதே. பயப்படாதே என்று எழுதினாலே நீ பயப்படுவாய் என்று எனக்குத் தெரியும், உன்னைப் பெற்றவள் நான்தானே, ஆனாலும் வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடைசி வரை படித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும், பாதியில் போனைத் தூக்கக் கூடாது. போனிலேயே சொல்லியிருக்கலாமே, இதென்ன புதுசாய்க் கடிதம் என்று கேட்பாய். போனில் எப்படிச் சொல்ல? உன் அப்பா நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார், மணி அடித்தால் எனக்கு முன்னால் பாய்ந்துபோய் எடுக்கிறார், எடுத்ததும் ஸ்பீக்கரைப் போட்டு மேசை நடுவில் வைத்துவிடுகிறார், இரண்டு பேர் பேசுவதை வீடே கேட்க வேண்டும் அவருக்கு. சித்தி வீட்டிலிருந்து பேசலாம்தான், ஆனால் சித்தி காதில் விழுந்தால் மறுநாள் காலையில் தெருவே வந்து வாசலில் நிற்கும். போன வாரம் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து உன்னைக் கூப்பிட்டேனே, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுவிட்டுச் சட்டென்று வைத்துவிட்டேனே, அன்றைக்கு இதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். உன் குரலைக் கேட்டதும் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்க வந்தது. அதனால்தான் இப்போது தையல் மிஷின் மேலேயே தாளை வைத்து எழுதுகிறேன், பக்கத்தில் ஒரு துணியை மடித்து வைத்திருக்கிறேன், அவர் வந்தால் மூடிவிடுவேன். அவருடைய கட்டளை என்ன தெரியுமா, "அவளோட வேலைப் பரீட்சை முடியற வரைக்கும் அவகிட்ட மூச்சு விடக் கூடாது" என்பது. நான் மீறுகிறேன். வேறு வழியில்லாமல்தான் மீறுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு இடது கண்ணில் புரை விழுந்திருப்பது உனக்குத் தெரியும். அதை எடுத்துவிடலாம் என்று நம் கடைத்தெருப் பக்கம் டாக்டர்கள் சேர்ந்து நடத்துகிறார்களே, அந்த மருத்துவமனைக்குப் போனோம். நீ இருந்தபோது அது தகரக் கூரை போட்ட சின்னக் கட்டடம், இப்போது மாடி எழுப்பி, பல்லுக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர், குழந்தைகளுக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர் என்று ஆளுக்கோர் அறை, கீழே பின்பக்கம் முழுக்கப் படம் எடுக்கிற பிரிவு. எக்ஸ்ரே, ஸ்கேன், வயிற்றில் பசை தடவிப் பார்க்கிறது எல்லாம் அங்கேயே. முன்பெல்லாம் ஒரு படம் எடுக்க எங்கெங்கோ அலைந்தோம், இப்போது சீட்டை வாங்கிக்கொண்டு படியிறங்கினால் போதும். வசதிதான், ஆனால் வசதியாக இருக்கிறது என்பதற்காகவே எல்லாரையும் இறக்கிவிடுகிறார்களோ என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். கண் டாக்டர், ஆபரேஷனுக்கு முன்னால் எல்லாருக்கும் எடுப்பதுதான் என்று சொல்லி நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார். "கண்ணு கெட்டதுக்கு நெஞ்சுல என்னங்க பாக்கப் போறீங்க" என்று அப்பா கேட்டார். டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்ததை நினைத்தால் இப்போது ஆத்திரமாக வருகிறது.

கீழே போனோம். ஒரு கனத்த கதவு, அதன் மேல் ஒரு சிவப்பு விளக்கு, அது எரிந்தால் உள்ளே போகக் கூடாது. அப்பாவைச் சட்டையைக் கழற்றச் சொல்லி ஒரு நீல அங்கி கொடுத்தார்கள், முதுகுப் பக்கம் நாடா கட்ட வேண்டியது, இவர் முன்பக்கமாகப் போட்டுக்கொண்டு வயிற்றைக் காட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். அந்த அங்கியை யார் தைத்தார்களோ, நாடாவை ஒற்றைத் தையலில் ஒட்டவைத்திருக்கிறார்கள், என் கையில் பட்டதும் பிய்ந்துவிட்டது, என் பையில் எப்போதும் ஊசி நூல் இருக்குமே, அங்கேயே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தேன். படம் எடுப்பவர் நல்ல மனுஷன், தலை நரைத்தவர், நாள் முழுக்க மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று சொல்லிச் சொல்லி அவருக்குச் சாதாரணப் பேச்சே அந்த ராகத்தில்தான் வருகிறது. அப்பா அவருக்கு மூச்சுக்காரர் என்று பேர் வைத்துவிட்டார். அன்றைக்கு மூச்சுக்காரர் இழுங்க, பிடிங்க என்று சொல்லிப் படத்தையும் எடுத்துவிட்டார், அதே நேரம் யாரோ கதவைத் தட்ட, அவர்களோடு பேசப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் உன் அப்பா பலகையைக் கட்டிப்பிடித்தபடி முகம் சிவந்து கண் பிதுங்கி நிற்கிறாராம். ஏன் விடவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க விடச் சொல்லலையே" என்றாராம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

இப்படிச் சிரித்துவிட்டு வந்தவர்களை மறுநாள் திரும்பக் கூப்பிட்டார்கள். படங்களைப் பார்த்துச் சொல்வதற்கென்றே ஒரு டாக்டரம்மா இருக்கிறார், விளக்கை அணைத்த அறையில் இரண்டு பெரிய திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம், மெதுவாகப் பேசுகிறார். வலது பக்கம் மேலே, தோளுக்குக் கீழே ஒரு வெள்ளைப் பொட்டு. ஒரு சட்டைப் பட்டன் அளவு. எனக்கு முதலில் யாரோ அங்கே ஒரு பட்டனை வைத்துப் படம் எடுத்த மாதிரிதான் பட்டது, அப்படியே கேட்டும் விட்டேன், அங்கியில் பட்டனே கிடையாது, நாடாதான் என்று எனக்கே அப்புறம்தான் உறைத்தது. பிறகு அந்த உருண்டை மிஷினுக்குள் படுக்கவைத்து ஸ்கேனும் எடுத்தார்கள். பொட்டு அங்கேயேதான் இருக்கிறது. டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார், "இது பழைய தழும்பா இருந்தா ஒண்ணுமே செய்ய வேண்டாம்மா. புதுசா வந்ததா இருந்தா ஊசி விட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பாத்தே ஆகணும்." ஊசி என்றால் கையில் போடுவது இல்லை, நெஞ்சு வழியாக நுரையீரலுக்குள். மற்றவர்களுக்கு அது பெரிய விஷயம் இல்லையாம். இவர் இத்தனை வருஷம் கல் பாலீஷ் போடும் பட்டறையில் தூசியைத் தின்றவர், நுரையீரல் ஏற்கனவே நைந்துபோய் இருக்கிறது, குத்திய இடத்தில் காற்றுக் கசிந்து நுரையீரல் சுருங்கிவிட வாய்ப்பு இருக்கிறது என்றார். நைந்த துணியில் ஊசி போனால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அப்போதுதான் டாக்டரம்மா கேட்டார், பழைய நெஞ்சுப் படம் ஏதாவது இருக்கிறதா, எத்தனை வருஷம் ஆனாலும் பரவாயில்லை, அந்தப் படத்திலும் இதே பொட்டு இதே அளவில் இருந்தால் ஊசியே வேண்டாம், கண் ஆபரேஷனை முடித்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்று. எனக்கு ஒரு நிமிஷம் உயிர் திரும்பி வந்தது. பட்டறையை மூடியபோது எல்லாருக்கும் ஒரு படம் எடுத்து அவரவர் கையில் கொடுத்து அனுப்பினார்களே, நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய், ஒரு பழுப்பு உறையில் வந்ததே, அது. இருக்கிறது என்று கத்தியேவிட்டேன். கத்திய பிறகுதான் அந்தப் படத்தை நான் என்ன செய்தேன் என்பது நினைவுக்கு வந்தது. உனக்கும் இந்நேரம் நினைவுக்கு வந்திருக்கும்.

ஆமாம், துணி மேல் வைத்துக் கோடு போடுகிற அளவு அட்டைகளாக வெட்டினேன். தாள் அட்டை நாலு முறை சாக்பீஸ் ஓட்டினால் ஓரம் பிசிறிவிடும், எக்ஸ்ரே பிலிம் அப்படி இல்லை, மடங்காது, கிழியாது, கோடு வழுக்கிக்கொண்டு போகும், எந்தத் தையல்காரி வீட்டிலும் அது சும்மா கிடக்காது. பெரிய படம், அகலவாட்டில் வைத்து மேலே காலர், நடுவில் பை, கீழே இரண்டு பக்கமும் கைப்பட்டி என்று ஒரு துண்டுகூட வீணாகாமல் வெட்டினேன், அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை. இந்தத் தெருவில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் அத்தனை பேரும் உன் அப்பா நெஞ்சில் வெட்டின காலரைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். டாக்டரம்மாவிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், துண்டுகளை எடுத்துக்கொண்டு வாங்க, அந்தப் பொட்டு இருக்கிற இடம் மட்டும் கிடைத்தால் போதும் என்றார். அப்பாவோ வழி நெடுக, "என் நெஞ்சுக்குள்ள என்ன இருக்குன்னு தெருவுக்கே தெச்சுக் குடுத்திருக்கா, டாக்டருக்குக் காட்ட மட்டும் இல்லை" என்று சொல்லிச் சொல்லி என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அவர் கேலி பண்ணினால் எனக்குத் தைரியமாக இருக்கிறது, நிறுத்திவிட்டால்தான் பயமாக இருக்கிறது.

கொஞ்சம் இரு. அப்பா வந்தார், மூடிவைத்தேன். யாருக்கு எழுதுகிறாய் என்றார், அளவு குறிக்கிறேன் என்றேன். இத்தனை நீளமான ஆள் யார் என்று கேட்டுவிட்டுப் போகிறார். நம்பினாரா இல்லையா தெரியவில்லை.

எங்கே விட்டேன், துண்டுகள். வீட்டைக் கவிழ்த்துத் தேடினேன். பை அட்டை மிஷின் இழுப்பறையில் இருந்தது, கைப்பட்டி ஒன்று பழைய பட்டன் பெட்டிக்குள், இன்னொன்று ஜன்னல் ஆடாமல் இருக்க அப்பாவே மடக்கிச் செருகி வைத்திருந்தார், அதைச் சொல்லி நானும் ஒரு வாங்கு வாங்கினேன். எல்லாவற்றையும் ஒரு தலையணை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனோம். இப்போது அங்கே எல்லாம் திரையில்தான் பார்க்கிறார்கள், பழைய வெள்ளைப் பெட்டி ஒன்று, பின்னால் விளக்கு எரியுமே, அது சுவரில் சும்மா தொங்குகிறது, அதன் மேல் காலண்டர் மாட்டியிருந்தார்கள். மூச்சுக்காரர் காலண்டரைக் கழற்றித் தூசி தட்டி சுவிட்சைப் போட்டார், இரண்டு தடவை சிமிட்டிவிட்டு எரிந்தது. டாக்டரம்மா கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு துண்டாக ஒட்டவைத்தார், விலா எலும்புகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து வந்தன, இதயம் பாதி பையில், பாதி கைப்பட்டியில். அத்தனை வருஷத்துக்கு முந்தைய உன் அப்பா அங்கே ஒளியில் நிற்கிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எல்லாம் வந்துவிட்டது, மேலே மட்டும் காலர் வடிவத்தில் ஒரு வெள்ளை ஓட்டை. பொட்டு இருக்க வேண்டிய இடம் சரியாக அந்த ஓட்டைக்குள்தான். டாக்டரம்மா அந்த ஓட்டையின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். அப்பாதான் மெதுவாக, "காலர் எம்பொண்ணுகிட்ட இருக்கு" என்றார்.

நீ கிளம்பும்போது அந்த ஊர்ச் சட்டைகள் கழுத்தில் சரியாக உட்காராது, நானே தைத்துக்கொள்வேன் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டு போனாயே, நூல் பாபின்களோடு வட்ட பிஸ்கட் டப்பாவில் போட்டு நானே கட்டிக்கொடுத்தேனே, அதுதான். டாக்டரம்மா முகம் மலர்ந்துவிட்டது, அப்படியானால் உடனே அனுப்பச் சொல்லுங்கள் என்றார். இந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? "வேண்டாம் டாக்டர். அவளுக்கு இந்தப் பரீட்சை போனா வேலை நிரந்தரம் ஆகாது. இந்த நேரத்துல காலரக் கேட்டாலே அவ துருவிக் கண்டுபிடிச்சிடுவா, அவளக் கலக்கக் கூடாது. ஊசியே போட்டுக்கறேன்." பரீட்சை முடியும்வரை ஊசியைத் தள்ளிப்போடலாமா என்று நான் கேட்டேன். கூடாதாம், புதிதாக வந்ததாக இருந்தால் ஒரு வாரம்கூட முக்கியமாம். டாக்டரம்மா சொன்னது நியாயம். அப்பா அங்கேயே ஊசிக்கு நாளும் குறித்துவிட்டார். தன் நெஞ்சில் ஓட்டை போட்டாலும் போடட்டும், உன் படிப்பில் ஒரு கீறல் விழக் கூடாது அவருக்கு. நீயும் அவரும் போனில் எந்நேரமும் சண்டை போடுகிறீர்கள், அவருக்கு உன் மேல் பிரியம் குறைவு என்று ஒருமுறை என்னிடம் அழுதாய், அதனால்தான் இதை எழுதுகிறேன், அவர் சொன்ன வார்த்தை ஒன்றுகூட விடாமல் எழுதியிருக்கிறேன்.

வாசல் வரை வந்துவிட்டு, குடையை மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லி நான் மட்டும் திரும்ப உள்ளே ஓடினேன். டாக்டரம்மாவிடம் கேட்டேன், நான் எப்படியாவது வரவழைத்தால் பார்ப்பீர்களா என்று. "கண்டிப்பாப் பாப்பேன்மா, ஊசி அறைக்குள்ள போற நிமிஷம் வரைக்கும் பாப்பேன்" என்றார். போனில் போட்டோ எடுத்து அனுப்பினால் போதாது, பிலிமே வேண்டும் என்றார். இந்தக் கடிதத்தோடு ஓர் உறை வைத்திருக்கிறேன், அதில் மருத்துவமனை விலாசமும் படப் பிரிவு என்றும் அங்கே இருக்கிற பெண்ணே அச்சடித்துக் கொடுத்தாள், வீட்டு விலாசத்துக்கு அனுப்பிவிடாதே. காலரை இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில் வைத்து, மடக்காமல், இருப்பதிலேயே வேகமாகப் போகிற கூரியரில் போடு, ஊசிக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது, இந்தக் கடிதத்தையும் நான் கூரியரில்தான் அனுப்புகிறேன். துடைக்காதே, கழுவாதே, முக்கியமாகக் கழுவாதே. கண்ணாடி மாதிரி இருக்கட்டும் என்று கறுப்பை ஊறவைத்துச் சுரண்டி எடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் அன்றைக்குச் சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டேன், நீ என்னைப் போல இல்லை, எதையும் பளிச்சென்று வைத்துக்கொள்கிறவள், அதுதான் இப்போது என்னைத் தின்கிறது. ஒருவேளை சுரண்டியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடு, அம்மா திட்டமாட்டேன், வெட்டினவளே நான்தானே.

இங்கே வேலை ஒன்றும் ஓடவில்லை. நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே தைத்துவிட்டேன், பிரித்துத் தைத்தால் திரும்பவும் அதே மாதிரி. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலைப் பார்க்கப் போய்விடுகிறேன். சித்தி வந்து ஏன் இளைத்துப்போயிருக்கிறாய் என்று துருவுகிறாள், கண் ஆபரேஷன் கவலை என்று சொல்லி வைத்திருக்கிறேன், தன் கண்ணாடியை மாற்றலாமா என்று அவளும் அங்கே போகப் போகிறாளாம், எனக்கு அது வேறு பயம். அப்பா வெளியே தைரியமாகத்தான் இருக்கிறார். ஊசி போடும்போது ஆடாமல் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று மூச்சுக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார், அதனால் நாற்காலியில் உட்கார்ந்து தனக்குத் தானே இழு, பிடி, விடு என்று பழகிக்கொண்டிருக்கிறார், இதை எழுதும்போதுகூடப் பக்கத்து அறையில் கேட்கிறது. அந்தச் சத்தம் கேட்கும்போது எனக்கு ஓவென்று அழவேண்டும் போல் இருக்கிறது.

இந்தப் பாரத்தை உன் தலையில் வைக்கிறேன், மன்னித்துக்கொள் கண்ணு. டப்பாவைத் திறந்து காலரை எடுத்தால் நீ பார்க்காமல் இருக்கமாட்டாய், எனக்குத் தெரியும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன், ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார். எது முன்பக்கம் எது பின்பக்கம் என்று குழம்பாதே, பட்டறையில் அப்பாவுக்குக் கொடுத்த எண் ஒரு முனையில் வெள்ளையாக இருக்கும், அது நேராகப் படிக்கிற மாதிரி பிடி. அப்போது உன் இடது கைப் பக்கம் வருவதுதான் அப்பாவின் வலது பக்கம். அந்தப் பக்கம் ஒரு பட்டன் அளவுக்கு வெள்ளைப் பொட்டு இருக்கிறதா என்று பார். இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பார். டாக்டரம்மா பார்த்துச் சொல்வதுதான் கணக்கு, இருந்தாலும் அதுவரை எனக்குப் பொறுக்காது. பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூப்பிடு, அப்பாதான் எடுப்பார், ஸ்பீக்கரில் போடுவார். பொட்டு இருந்தால், அம்மா, தொலைந்துபோன பட்டன் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல், நான் புரிந்துகொள்வேன். இல்லையென்றால் பட்டன் பேச்சையே எடுக்காதே, எப்போதும் போல அப்பாவோடு எதற்காவது சண்டை போடு, சண்டையை மட்டும் சீக்கிரம் முடித்துவிடாதே, அவர் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்கட்டும். கூரியர் போட்டுவிட்டு உட்கார்ந்து படி, அவர் நெஞ்சைப் பணயம் வைத்துக் காப்பாற்றுகிற பரீட்சை அது. நீ நீண்ட ஆயுளோடு, எந்தக் குறையும் இல்லாமல், நினைத்த வேலையில் நிலைத்து நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இரண்டு பேருடைய ஆசியும். அதோ, பக்கத்து அறையில் மறுபடி பிடி என்கிறார். நானும் இங்கே பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன், நீ விடச் சொல்கிற வரைக்கும்.

உன் அம்மா